குறி தப்ப ஒரு மைதானம்

ஆடி மாதத்து மேலக்காற்று கயத்தாற்றுப் பக்கம் எப்படி அடிக்கும் என்று கரிசல்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கி, தடுக்க ஒரு குன்றுகூட இல்லாத வெறுங்காட்டில் புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே ஓடும். காற்றாலைகளுக்கான மத்திய அரசின் சோதனை நிலையம் அங்கே அமைந்ததற்குக் காரணமே அந்தக் காற்றுதான்.

அந்தக் காற்றில் படுத்துக்கொண்டு, 1000 கஜத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு பலகையைக் கருமருந்துத் துப்பாக்கியால் சுட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1000 கஜம் என்றால் 914 மீட்டர். வெறுங்கண்ணுக்குப் பலகை ஒரு புள்ளி. துப்பாக்கியோ குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் அழுத்தி ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப வேண்டிய பழைய வகை. உலகில் இதற்கென்று போட்டிகள் இன்றும் நடக்கின்றன. பல நாட்டுச் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டு ரைபிள்களையும் அவற்றின் சரிநகல்களையும் வைத்து நடத்துகிறார்கள்.

பொறுமைக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்குமா என்று தெரியவில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அந்த மருந்து எரியும்போது ஏறக்குறைய பாதிதான் வாயுவாகிறது. மீதி வெண்புகையாக முகத்தை மறைக்கும். குழலுக்குள் கசடாகப் படியும். காற்று உலர்ந்திருந்தால் கசடு இறுகிப்போய், அடுத்த குண்டைத் திசை மாற்றிவிடும். எனவே ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியை உள்ளே விட்டுத் துடைத்தெடுக்கிறார்கள். மருந்தை ஒரே அளவாக நிறுத்துப் போட வேண்டும். கம்பியை ஒரே அழுத்தத்தில் அழுத்த வேண்டும். சுட்ட குண்டு பலகையை அடைய ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். அதற்குள் அது பல ஆள் உயரம் எழும்பி இறங்குகிறது. பக்கவாட்டுக் காற்று கொஞ்சம் வலுத்தாலும் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாக விலகிவிடும். சுடுபவர் கொடிகளையும் புல்லையும் கானலின் ஓட்டத்தையும் பார்த்துக் காற்றை வாசிக்கிறார். தப்பினால் ஏன் தப்பியது என்று குறித்துக்கொண்டு, துடைத்து, மறுபடி நிரப்புகிறார்.

வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற அந்த மூன்று பொருளும் கரிசலுக்குப் புதிதல்ல. சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியைச் சுற்றியும் எத்தனையோ குடும்பங்கள் மருந்தோடும் கருந்திரியோடும் தீக்குச்சியோடும்தான் பிழைக்கின்றன. வெறும் அளவுப் பிசகு உயிரை எடுத்துவிடும் என்பதை இந்த ஊர்கள் அறிந்த அளவுக்கு எந்தச் சுடுகளமும் அறியாது.

துப்பாக்கியும் புதிதல்ல. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டைக்குள் இருந்தவர்களிடம் வேலும் வாளும் திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் இருந்தன. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபரில் தூக்கிலிட்ட பிறகு, இடித்துத் தள்ளிய கோட்டையை அவர் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் மறுபடி எழுப்பினார்கள். 1801 மார்ச் 31 அன்று கம்பெனிப் படை அதில் மோதித் தோற்றுத் திரும்பியது. மே 24 அன்றுதான், பெரிய பீரங்கிகள் வந்த பிறகு, கோட்டை விழுந்தது. இரு தரப்பிலும் பெரும்பாலான துப்பாக்கிகள் உட்புறம் வழுவழுப்பானவை. நூறு கஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. நெஞ்சுரம் கொண்டு அருகே போனவர்களே சண்டையைத் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த கம்பெனியின் பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது.

ஐம்பது ஆண்டு கழித்துத் தூரம் என்பதே மாறியது. குழலின் உட்சுவரில் திருகுசுழலாக வெட்டிய வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி விட்டன. சுழலும் குண்டு நேராகப் போனது. 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளில் 900 கஜம் வரை அளவு குறித்த பார்வைச் சட்டம் இருந்தது. அதன் கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்பது பள்ளிப்பாடம். அதற்குப் பின் நடந்தது பள்ளிப்பாடத்தில் வருவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென அதே என்பீல்டு வடிவத்தில், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கி கொடுக்கப்பட்டது. தூரம் குறித்த பார்வைச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, நிலையான ஒரு கட்டையை வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே துப்பாக்கி. பிடுங்கப்பட்டது தூரம்.

அதே காலத்தில், 1860 ஜூலை 2 அன்று, விம்பிள்டன் வெளியில் விக்டோரியா மகாராணி ஒரு கயிற்றை இழுத்தார். தாங்கியில் பொருத்தி வைத்திருந்த விட்வர்த் ரைபிள் 400 கஜத்துக்கு அப்பால் பலகையின் நடுவை ஒட்டித் துளைத்தது. அந்நாட்டுக் குடிமக்களுக்குத் தூரத்துக் குறியைப் பழகப் பரிசும் மைதானமும் கிடைத்தன. ஆளப்பட்டவர்களுக்கோ 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் மனம் துப்பாக்கியை விட்டுக் குறி தப்புவதன் பக்கம் நகர்ந்துவிடுகிறது. 1874இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணி முனைவழி நிரப்பும் ரைபிள்களோடு அமெரிக்கர்களை எதிர்த்துச் சுட்டது. 800, 900, 1000 கஜங்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியையே அடித்தார், ஆனால் பக்கத்துப் பலகையில். அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய தவறு! ஆனாலும் அடுத்த ஆண்டு டப்ளின் அருகே இரு அணிகளும் மறுபடி சந்தித்தன. அயர்லாந்து மறுபடியும் தோற்றது. ஒருவர் உயிருக்கும் பாதகமில்லை.

பாஞ்சாலங்குறிச்சி மதிலில் நின்றவனுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. அவன் குண்டு தப்பினால் அவன் செத்தான். படை தோற்றால் தலைவன் தூக்கில் தொங்கினான். குறி என்பது பிறவித் திறமை என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். அது ஆயிரம் தவறுகளின் மிச்சம். அந்த ஆயிரத்தையும் உயிர்ச்சேதமின்றிச் செய்துபார்க்க இடமும் பொழுதும் மருந்தும் எவருக்குக் கிடைத்தனவோ அவர்களுக்கே துல்லியம் வாய்த்தது. ஒரு மக்களைக் குறி தெரியாதவர்கள் என்று ஆக்குவதற்குக் கையை வெட்ட வேண்டியதில்லை. தப்பிப் பார்க்கும் களத்தை எடுத்துவிட்டாலே போதும். பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிய எத்தனை வீடுகள் இந்தக் கரிசலில் இருந்தன! மனம் கசந்து அனுப்பியவர்கள்தான். இரண்டாவது முறைக்கு வீட்டில் வகையில்லை.

கோவில்பட்டியில் துப்பாக்கிச் சுடுகளம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கே வேறொரு களம் இருக்கிறது. கட்டாந்தரையில் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடிய ஊர் அது. இப்போது செயற்கைப் புல் மைதானமும் விளையாட்டு விடுதியும் உண்டு. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ஆடினார்கள். அந்த மைதானத்தில் கோலைத் தாண்டி வெளியே போகும் பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. பையன்கள் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி அடிக்கிறார்கள்.