ஆராய்ச்சியும் ஆசையும்

ஆராய்ச்சி என்னும் சொல் இந்நாளில் மிக மலிந்துவிட்டது. சோதிடர் அதனைத் தம் விளம்பரப் பலகையில் எழுதிக்கொள்கிறார். மேடையில் முழங்குவோர் தம் நெடுநாளைய அபிப்பிராயத்தை ‘எமது ஆராய்ச்சி’ என்கின்றனர். ஆயின் அச்சொல்லின் பொருளை நம் தாய்மார் அடுக்களையிலேயே அறிவர். தேக்காச் சந்தையில் வாங்கிய கீரையை அவர்கள் ஆய்கிறார்கள் அல்லவா? காசு கொடுத்து வாங்கியது என்பதற்காக அழுகிய இலையை எவரும் குழம்பில் இடுவதில்லை. கல்லூரியில் நிகழும் ஆராய்ச்சிக்கும் இலக்கணம் இதுவே. அங்கே கழிக்க வேண்டிய இலை பெரும்பாலும் நமக்கு மிகவும் பிடித்த கருத்தாக இருக்கும், தொல்லை அதுதான்.

அறிஞர் ஆராய்ச்சியைப் பல வகையாகப் பிரிப்பர். அவற்றையெல்லாம் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. உண்மையை அறிவதற்கென்றே செய்வது ஒன்று; ஒரு குறையைத் தீர்க்கச் செய்வது மற்றொன்று. 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றினுள் மலேரியாக் கிருமியைக் கண்டது முன்னது. 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தது பின்னது. முன்னது இன்றேல் பின்னதும் இல்லை.

தோட்டத்து அன்பர்க்கு ரப்பர் மரமே போதிய சான்று. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பாலெடுப்பது வழக்கம். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் மரம் கெடாது, பட்டையும் மீள வளரும், அதே வெட்டை மறுமுறை திறந்தால் பால் மிகுதியாக ஒழுகும் எனச் சோதித்துக் கண்டார். தோட்டக்காரர்கள் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று எள்ளினர். பின்னரோ, 1896இல் மலாக்காவில் டான் சே யான் தொடங்கிய ரப்பர்ப் பயிர் நாடெங்கும் பரவிற்று. நம்மவர் இலட்சக்கணக்கில் கடல் கடந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியவர்க்கு அதன் காரணம் சொல்லப்பட்டதோ இல்லையோ, காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும் என்பதே அக்காரணம். கேள்வி கேட்பவன் எவனோ, விடை முதலில் அவனுக்கே பயன்படுகிறது.

மரத்தையும் கொசுவையும் ஆராய்வதில் நம் ஆசை குறுக்கிடுவதில்லை. நம் பழமையை ஆராயப் புகும்போதே நேர்மைக்குச் சோதனை வருகிறது. 1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் ஏறத்தாழ 10 அடி உயரமுள்ள ஒரு பாறை காணப்பட்டது. அதில் ஏறக்குறைய 50 வரிகள் எழுத்து. வழக்கிறந்த தமிழ் என்றனர் சிலர். பாலி என்றனர் சிலர். சாவகத்துக் காவி எழுத்து என்றனர் வேறு சிலர். வழக்குத் தீருமுன்னே, 1843இல், கட்டட வேலைக்காக அப்பாறையை வெடிவைத்துத் தகர்த்தனர்! தப்பிய துண்டுகளுள் ஒன்று இன்று ஸ்டாம்ஃபோர்டு சாலையிலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2019இல் இயேன் சிங்கிளேர் என்னும் அறிஞர் அதில் ‘கேசரிவ’ எனப் படித்து, அது ‘பரகேசரிவர்மன்’ என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாகலாம் எனக் கருதினார்.

இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மேற் படை செலுத்தியதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே சோழன் கல் கிடைத்துவிட்டது என்று நம்மவருள் ஆரவாரிக்கத் தோன்றாதவர் அரியர். எமது உள்ளமும் துள்ளத்தான் செய்தது. ஆயின் பரகேசரி என்பது சோழ மன்னர் பலர் மாறிமாறிச் சூடிய பட்டம். படித்ததோ முறிந்த சொல்லொன்றின் சில எழுத்துகள். இருக்கலாம் என்பதற்கு மேல் இன்று ஒன்றும் சொல்ல இயலாது.

தாழ்த்தப்பட்டுக் கிடக்கும் ஒரு சமூகத்துக்குப் பெருமை மருந்தாகும். அதில் சிறிது மிகை கலந்தால் என்ன என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். புராணங்களுக்குச் சான்று எங்கே என்று கேட்டு வளர்ந்தது நம் சீர்திருத்த இயக்கம். அக்கேள்வியைச் சோழன் வாசலில் மட்டும் அடக்கிக்கொள்வது எங்ஙனம் நேர்மையாகும்? மேலும், பொய்ப்பெருமை ஒன்று வெளிப்பட்டால் மெய்ப்பெருமை பத்தையும் உலகம் ஐயுறும். காட்டை அழித்து, இருப்புப்பாதை இட்டு, பால்மரத்தை வளர்த்தவரின் பேரப்பிள்ளைக்கு முடிமன்னன் ஒருவன் பாட்டனாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பொதுமக்களிடம் நிதி திரட்டி, சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பதற்கு நூல்கள் சேர்க்க முனைந்தனர் நம் முன்னோர். அவர்தம் பிள்ளைகள் இன்று ஆராய வேண்டிய ஏடுகள் நம் வீட்டுப் பரண்களிலேயே கிடக்கின்றன: சங்கங்களின் கணக்குப் புத்தகம், ஊருக்கு எழுதிய கடிதம், தோட்டத்துப் பெயர்ப்பதிவு. அவற்றில் உழைப்பும் ஈகையும் இருக்கும். கடனும் கள்ளும் சாதிப் பூசலும் இருக்கும். பின்னவற்றைக் கிழித்துவிட்டு முன்னவற்றை மட்டும் மாணவர் கையில் தர விழைவோர் இப்போதே நம்மிடையே உளர்.