முன்பணம் கழியும்வரை

பல ஐடி கம்பெனிகளில் வேலையை விடணும்னா 90 நாள் நோட்டீஸ். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் அந்த வேலையை முன்பணம் பார்த்துக்கொள்கிறது. வாங்கியது கூலியில் கழியும்வரை வேறு ஆலைக்குப் போகக் கூடாது. போனால், "காச வாங்கிட்டு ஓடிட்டா" என்று பேச்சு. பாக்கி பணம்தானே, ஆள் இல்லையே? முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்ட பிறகு, இதே ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. முதலாளிகளுக்கும் அது திடீர் அடிதான், ஒத்துக்கிறேன். ஆனாலும் கூலிக்காரி சொல்லாமல் போனால் துரோகம், ஆலை மூடினால் சூழ்நிலை என்கிற கணக்கு எனக்கு ஒட்டவில்லை.

அதுக்காக எப்ப வேணா எந்திரிச்சுப் போயிரலாம்னும் சொல்ல மாட்டேன். மருந்து கலக்கிறவர் திடீரென்று நின்றுவிட்டால், அங்கே கைப்பழக்கம் இல்லாத ஒருவரை உட்கார வைப்பார்கள். உராய்வு கொஞ்சம் கூடினாலே மருந்து பற்றிக்கொள்ளும். முன்கூட்டிச் சொல்ல வேண்டியது அந்தப் புது ஆளுக்காக. நாலு நாள் கூட இருந்து கற்றுக்கொடுத்துவிட்டால், தேதி பாக்கி இருந்தாலும் கிளம்பலாம். அந்த அறையே ஆபத்து என்று தெரிந்தால் நாலு நாளும் வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவரையும் கூப்பிட்டுக்கொண்டு அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டியதுதான்.