மலிவாய் வாங்குவதும் பாவமாகுமோ?



கூடை சுமந்து வரும் கீரைக்காரம்மாளிடம் ஒரு கட்டுக் கீரைக்குப் பேரம் பேசுகிறோம். பெரிய கடையிலோ எழுதியிருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். இது நீதியா?

ஒரு பொருளை அதன் பெறுமதிக்கு மேல் விற்பது போலவே, பெறுமதிக்குக் குறைத்து வாங்குவதும் தன்னிலே அநீதி என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். ஆகையால் ஏழாம் கற்பனை விற்கிறவனை மட்டுமல்ல, வாங்குகிறவனையும் கட்டுப்படுத்தும்.

“அப்படியானால் ஏழைக் குடும்பத்துக்கு மலிவு வேண்டாமா?” என்பீர்கள். நியாயமான கேள்வியே. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்ட முதல் உழவர் சந்தை இதற்கு ஒரு வழி காட்டிற்று. அங்கே பயிரிட்டவரே தரகரின்றி விற்கிறார். அன்றாடம் காலையில் விலை குறித்துப் பலகையில் எழுதுகிறார்கள். அது மொத்த விலைக்கு மேலாகவும், சில்லறை விலைக்குக் கீழாகவும் இருக்கும். இரு திறத்தாருக்கும் நீதி என்பதே அதன் நோக்கம்.

நாம் ஜெபத்தில் கேட்பது “எங்கள்” அனுதின அப்பம். “என்” அப்பம் அல்ல. விளைவித்தவர் வீட்டிலும் சுமந்து வந்தவள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். இவ்வாரம் விலையைக் குறைத்துக் கேட்க வாயெடுக்குமுன் இதைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள்.