ஒரு நாள் யாருடையது?

வடகோடி நாடுகளிலே மார்கழியும் தையும் இருள் கோலோச்சும் திங்கள்கள். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிசம்பர் பிற்பகுதியில் காலை எட்டரை மணிக்குப் பிறகே கதிரவன் தலைகாட்டுகிறான். பிற்பகல் நான்கு மணி அடிக்குமுன் விடைபெற்றுக் கொள்கிறான். பகல் என்று பெயர் பெற்றது ஏழே மணி நேரம். கடலூரில் நாம் குளிர் என்று போர்வை தேடும் அதே நாளில், பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. கடலூர் முதுநகரிலே பிறந்து, கப்பல் வேலைக்குப் போன இளைஞன் ஒருவனுக்கு, அந்த வடநாட்டுத் தலைநகரில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாள், அதிலும் ஏழு மணி நேரப் பகல். என்ன பார்ப்பான்?

காணத்தக்கவைக்குக் குறைவில்லை. வாய்க்கால் ஓரத்திலே வண்ணம் பூசிய பழைய வீடுகள் வரிசை கட்டி நிற்கும் நியூஹவுன் உண்டு. நான்காம் கிறிஸ்டியன் என்னும் மன்னன் தனக்கெனக் கட்டிக்கொண்ட ரோசன்போர்க் மாளிகை உண்டு. அங்கே அரச முடியும் அணிமணியும் காட்சிக்கு இருக்கின்றன. விண்மீன் ஆராய்வோருக்கென அதே மன்னன் எழுப்பி 1642-இல் முடிந்த வட்டக் கோபுரத்தில், படிக்கட்டுகளுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி மேலேறும் சாய்வான பாதை. நடந்தே உச்சிக்குப் போய் ஊரைப் பார்க்கலாம். கடலோரப் பாறையிலே 1913-இல் வைத்த கடற்கன்னி சிலை இருக்கிறது. ஆளுயரமும் இல்லாத சின்னஞ்சிறு சிலை! ‘இதற்காகவா இவ்வளவு தொலைவு?’ என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்புவோர் ஏராளம். 1843-இல் திறந்த டிவோலி என்னும் களியாட்டப் பூங்காவும் உண்டு. மக்கள் களித்திருக்கும்போது அரசியலைப் பற்றி எண்ணமாட்டார்கள் என்று மன்னன் காதில் ஓதித்தான் அதற்கு இசைவு பெற்றார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, மன்னர்களின் மனத்தை அறிந்தவன் கட்டிய கதை!

பார்க்கப்படும் பொருள்களை விட்டுவிட்டு, நண்பரே, பார்க்க வந்தவன் கையிலிருக்கும் பொருளைச் சற்றுக் கவனிப்போம். அவன் கையில் இருப்பது ஒரு நாள். அந்த நாளை அவனுக்குக் கொடுத்தவர் யார்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். நாள் என்பது காற்றைப் போல, வெயிலைப் போல எல்லோருக்கும் வருவதாயிற்றே, அதைக் கொடுப்பார் உண்டோ, பறிப்பார் உண்டோ என்று கேட்கத் தோன்றும். உண்டு. பறிப்பார் உண்டு என்பதற்கு நம் தில்லையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆயினும் தில்லைக்குப் போகுமுன், அந்த வட்டக் கோபுரத்து மன்னனிடம் நமக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

அந்த நான்காம் கிறிஸ்டியனின் ஆட்களுக்குத்தான், 1620-இல், தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் புரிய இசைவளித்தார். நாயக்கர் அனுப்பிய பொன்னேட்டு மடல் ஒன்று, தமிழ் எழுத்துத் தாங்கியபடி, கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்திலே இன்றும் இருக்கிறது. தரங்கம்பாடியோடு டேனியர் நிற்கவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வெள்ளாற்று முகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை வைத்தார்கள். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. ஆசியக் கம்பெனியின் பழைய மாளிகையும் கிடங்கும் இன்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் வளாகத்தில் நிற்கின்றன. நம் இளைஞன் அந்த வழியே போனால் நின்று பார்க்கட்டும். அவன் பாட்டன் பூட்டன் காலத்தில், அவன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் நெய்த துணி போய்ச் சேர்ந்த வாசல் அது. துணி போயிற்று, நெய்தவன் போகவில்லை. தறிக்குழியை விட்டு எழுந்து பத்துக் கல் தொலைவிலுள்ள ஊரைப் பார்க்கவும் அவனுக்கு நாள் இல்லை. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரார் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பொருள் போகும், உழைத்தவன் போகக்கூடாது என்ற இந்த ஏற்பாடு கப்பல்காரன் கொண்டுவந்ததன்று. நமக்கு அது மிகப் பழையது. கொள்ளிடக் கரை ஆதனூரில் நந்தன் என்றொருவன் இருந்தான் என்று 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் எழுதினார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அவன் கொடுப்பான். அவன் உரித்துப் பதப்படுத்திய தோல் கோயிலுக்குள் முழங்கும். அவன் மதிலுக்கு வெளியே நிற்பான்! தோலுக்கு இல்லாத தீட்டு அதைத் தந்த கைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்நாளில் ஆளில்லை. அந்த நந்தன் செல்வம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. தில்லையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். அவ்வளவே. ஒரு நாள், ஒரு காட்சி. தன் பிறப்பை நினைத்து அஞ்சி நின்றுவிடுவான். ஆசை மீண்டும் மூளும். ‘நாளைப் போவேன்’ என்பான். நாளை வரும், போகமாட்டான். ‘திருநாளைப் போவார்’ என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உலகத்தில் ஒருவனுடைய இயலாமையைப் பட்டமாகச் சூட்டி, அதற்குத் ‘திரு’வும் சேர்த்த பெருமை நமக்கே உரியது!

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் கதையைப் பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்தான் நந்தனுடைய ஆண்டை. தில்லைக்குப் போக உத்தரவு கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. அந்த ஆண்டை கற்பனை என்று புலவர்கள் குறை சொல்வதுண்டு. புராணத்தில் இல்லாதவர், உண்மைதான். ஆனால் வயலிலே இருந்தவர். பாரதியார் ஏட்டில் தேடாமல் எதிரிலே கண்டு எழுதினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயில் வாசலில் ஒரு தடை இருந்தது. அதற்கு முன்னாலேயே, வயல் வரப்பிலே இன்னொரு தடை இருந்தது. உள்ளே விடாதது ஒரு கொடுமை என்றால், ஊரைவிட்டு ஒரு நாள் நகர விடாதது அதற்கு மூத்த கொடுமை. நந்தனுக்கு மறுக்கப்பட்டது காட்சி மட்டுமா? நாளே மறுக்கப்பட்டது.

வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்கு ஊர் பார்க்கும் உரிமை எதற்கு, அது ஓய்ந்திருப்போர் பொழுதுபோக்கல்லவா என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். சோறு முதலில், ஐயமில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர், பெரும்பாலும், நான்கு ஊர் பார்த்துவிட்டு வந்தவராகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மாட்டுக்கும் தீனி வைக்கிறோம். உழைக்கும் அளவுக்கு ஓய்வும் தருகிறோம். ஆனால் வண்டியை இழுக்காமல், விற்பனைக்கும் போகாமல், வெறுமனே பார்ப்பதற்காக ஒரு மாடு பக்கத்து ஊருக்குப் போவதில்லை. பயனேதும் கருதாமல் ஓர் இடத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கே உரியது. அந்த ஆசையை ‘உனக்கெதற்கு?’ என்று மறுப்பவர், எதிரே நிற்பவனை எந்த இனத்தில் சேர்க்கிறார் என்பதைத் தாமே சொல்லிவிடுகிறார்.

ஒரு நாளில் எதைத் தெரிந்துகொள்ள முடியும் என்ற மற்றொரு கேள்வி இதைவிட நேர்மையானது. மிகச் சிறிதே தெரியும். 1706-இல் டென்மார்க் மன்னன் அனுப்பித் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, கரையில் கண்டதைக் கொண்டு நம்மைப் பற்றித் தீர்ப்பெழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? தமிழர் நாகரிகமற்றவர் என்பதே ஐரோப்பாவில் பலர் கொண்டிருந்த எண்ணம், அதுவே வந்திருக்கும். அவர் தங்கினார், மணலில் எழுதிப் பயிலும் சிறுவர்களோடு அமர்ந்து தமிழ் கற்றார், ஏடுகளைத் தேடிப் படித்தார். அந்த எண்ணம் தவறு என்று தம் நாட்டாருக்கு எழுதினார். ஒரு நாள் பார்த்தவன் அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதிருப்பது நல்லது. ஆனால் தீர்ப்புக்குப் போதாத நாள், கேள்விக்குப் போதும்.

நம் கப்பல் இளைஞனிடம் திரும்புவோம். அந்த ஏழு மணி நேரத்தில் ஒரு மணியையாவது அவன் செலவிடவேண்டும் என்று நான் விரும்பும் இடம், அரண்மனையுமன்று, கடற்கன்னியுமன்று. 1879-இல் கோபன்ஹேகன் தொழிலாளர் தங்கள் கைக்காசைச் சேர்த்துக் கட்டிய மன்றம் ஒன்று ரோமர்ஸ்கேட என்னும் தெருவில் இருக்கிறது. இன்று அது தொழிலாளர் அருங்காட்சியகம். அந்த நாட்டின் மணிமுடியை யார் சூடினார் என்பதை ரோசன்போர்க் சொல்லும். அந்த நாட்டின் நாள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இந்தக் கட்டடம் சொல்லும். 1899-இல் முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தொழிலாளர் பட்டினியோடு நின்றார்கள். செப்டம்பரில் ஓர் உடன்பாடு எழுந்தது. 1919-இல் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. 1938-இல், கூலிக்கு உழைப்போருக்கு ஆண்டில் இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை என்று சட்டம் பிறந்தது. அங்கேயும் நாள் வானத்திலிருந்து விழவில்லை.

இங்கே? நந்தன் பெயரால் சிதம்பரத்திலே 1916-இல் பள்ளி நிறுவினார் சுவாமி சகஜானந்தர். நந்தனை நெருப்பில் இறக்கிய ஊரிலே, நந்தனின் பிள்ளைகளைப் பலகையும் புத்தகமுமாக அமர வைத்தார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 2022-ஆம் ஆண்டிலும்கூட, தில்லைக் கனகசபை மீது நின்று மக்கள் வழிபட அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. வாசல் தடை அங்குலம் அங்குலமாக நகர்ந்த கதை இது. வரப்புத் தடையோ? 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு விடுமுறையும், இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பும் கொடுத்தது. நல்ல சட்டம். அதன் வேலிக்கு வெளியே நின்றவன் வயலில் இறங்கியவன். ஆதனூர் நந்தன் இன்று உயிரோடு வந்து அச்சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடுப்புக் கேட்டிருந்தால், ‘இது உனக்கல்லவே’ என்றே பதில் வந்திருக்கும்.

பண்ணுருட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் அந்தத் தோட்டின் பால் பட்டு வெந்த தழும்பு இருக்கும். அவர்கள் உடைத்த பருப்பு கடல் கடந்தும் போகிறது. கோபன்ஹேகன் கடையிலும் ஒரு பொட்டலம் இருக்கலாம். நம் இளைஞன் அதைக் கையிலெடுத்தும் பார்க்கலாம். மறுபடியும் பொருள் போயிற்று! அந்தப் பெண்ணுக்குச் சிதம்பரம் சில மணி நேரப் பேருந்துப் பயணம். மார்கழித் திருவாதிரைக்குப் போக அவளும் ஆசைப்படுவாள். போனால் அன்றைய கூலி இல்லை. ஆண்டை யாரும் வழிமறிக்கவில்லை. உத்தரவு கேட்கவும் தேவையில்லை. கூலிக் கணக்கே ஆண்டையாக வந்து நிற்கிறது. நாற்பது வேலியை ஒரே இரவில் விளைவித்துத் தர இறைவன் வந்தான் என்று பாட்டிலே எழுதலாம். பட்டறையில் குவிந்த கொட்டையை உடைத்துத் தர இதுவரை யாரும் வரவில்லை.

வெளியூரார் காரிலும் இரயிலிலும் தில்லைக்கு வந்திறங்கும் அந்தத் திருவாதிரை நாளிலே, கோயில் வாசலில் செருப்புக் காக்கும் மூதாட்டிக்குத்தான் ஆண்டிலேயே வேலை மிகுந்த நாள். உள்ளே கூத்தனைக் கண்டு களித்துத் திரும்புவோர், தத்தம் காலணியைத் தேடுவதிலே முனைந்திருப்பர். எவரேனும் ஒருவர் குனிந்து, ‘ஆயா, நீங்கள் பார்த்துவிட்டீர்களா?’ என்று கேட்டால், கையிலிருக்கும் சில்லறையை எண்ணிக்கொண்டே அவள் சொல்வாள்: ‘நாளைக்குக் கூட்டம் குறையும், போகணும்.’