மயிலிடம் யாரும் பழைய கதை கேட்பதில்லை



கந்த சஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரம். வேல் பாய்ந்ததும் 'அரோகரா' சொல்லிவிட்டு நாம வீட்டுக்குக் கிளம்பிடுறோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாமரமாக நின்ற சூரன் இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். முருகன் மயிலை வாகனமாக்கினார். சேவலைக் கொடியில் ஏற்றினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்டித்த கையே வேலையும் கொடுத்தது. அதுவும் எல்லாரும் பார்க்கும் இடத்தில், கூடவே இருக்கும் வேலை. "நீ தேவர்களைச் சிறை வைத்தவனாச்சே" என்று மயிலிடம் இன்றைக்கு யாராவது கேட்கிறோமா?

ஆனால் சிறையிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் வேலை கேட்டால், முதலில் அதைத்தான் கேட்கிறோம்.

சிங்கப்பூர்ச் சட்டம் ஓரளவு வழி விட்டிருக்கிறது. ஒரே ஒரு தண்டனை, அதுவும் 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் என்றால், 5 ஆண்டு குற்றமில்லாமல் வாழ்ந்தபின் அந்தப் பதிவு காலாவதியாகலாம். கடுமையான சில குற்றங்களுக்கு இது பொருந்தாது. காலாவதியானால், "எனக்குக் குற்றப் பதிவு இல்லை" என்று அவர் சட்டப்படியே சொல்லலாம். இது தெரியாமல் கூனிக் குறுகி நிற்பவர்களிடம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் கதி? 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், மதம், மொழி போன்றவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது. பழைய தண்டனை அந்தப் பட்டியலில் இல்லை. 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் வேலை தேட உதவுகிறது. ஆனாலும், கதவைத் திறக்க வேண்டியவர் முதலாளிதான்.

பணம் கையாடியவரிடம் மறுநாளே கல்லாப் பெட்டியைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறதா, அதற்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். சம்பந்தமே இல்லாதபோது கதவைச் சாத்துவது, நீதிமன்றம் தராத இரண்டாவது தண்டனை.

நம்மில் பலர் வீட்டில் கடை, லாரி, கேட்டரிங் தொழில் உண்டு. அடுத்த முறை ஆள் தேவைப்படும்போது, அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். முருகன் மன்னித்ததோடு நிற்கவில்லை, இடமும் கொடுத்தார். அவருடைய பிள்ளைகள் நாமும் கொடுப்போமே.

ஓம் சரவணபவ.