மருந்து இருக்கிற காலத்துச் சாவு

பதினைந்து வருசமாகக் கர்மவினைக்கு எதிராக மேடையில் பேசி வருகிறவன் நான். 'தலையெழுத்து' என்பது நம்மைச் சேரிக்குள் அடைத்து வைப்பதற்காகச் சொல்லப்பட்ட பொய் என்று எழுதியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான், மூன்று வருசத்துக்கு முன், சாகுபுரத்தில் எங்கள் தெருவில் ஆறு வயதுப் பிள்ளையைக் கிடத்தியிருந்த வீட்டில், அதன் தாயிடம் "என்னக்கா செய்ய, விதி" என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "விதின்னா மொதத் தடவ மருந்து எப்படித் தம்பி கேட்டுச்சு?"

எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் அதற்குப் பதில் இல்லை.

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். விடாத காய்ச்சல், வெளுத்துப்போன உடம்பு, அடிபடாமலே கன்றிப்போன கால்கள். கண்ணேறு என்றார்கள், தாய் செய்த பாவம் என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோனோம். ஒரு மாத ஊசியில் ரத்தத்தில் கெட்ட அணுக்களே தெரியவில்லை. கொட்டிய முடி திரும்ப முளைத்தது. பிள்ளை தெருவில் ஓடியாடித் திரிந்தது.

அங்கேதான் சூழ்ச்சி. இந்த நோயில் அணுக்கள் கண்ணுக்கு மறைந்தாலும் எலும்பு மஜ்ஜையிலும் மூளைத் தண்டுவட நீரிலும் பதுங்கிக் கிடக்கும். அதனால்தான் இரண்டரை, மூன்று வருசம் மருந்து தொடர வேண்டும் என்கிறார்கள். இது எனக்குத் தெரியும். காப்பீட்டுப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான். சித்திரை பிறந்தது. உப்பளத்தில் வேலை மும்முரம். அந்த மாதங்களை விட்டால் மழைக்காலத்தில் அடுப்பு எரியாது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். "சீசன் முடியட்டும் தம்பி, கூட்டிட்டுப் போறோம்" என்றார் தகப்பன். சரி என்று சொல்லிவிட்டு நான் கூட்டத்துக்குப் போய்விட்டேன். சீசன் முடிவதற்குள் நோய் திரும்பிவிட்டது.

அந்தத் தாயின் கேள்விக்குப் பிறகுதான் இந்த மருந்துகளின் கதையைத் தேடிப் படித்தேன். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஃபோலிக் அமிலத்தை அறிவதற்கு அந்தப் பெண்களின் ரத்தம் வழிகாட்டியது. அந்தச் சத்தைத் தடுத்தால் ரத்தப் புற்றணுக்கள் பெருகாமல் நிற்குமா என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947-இல் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார். அதற்கான மருந்தைச் செய்து கொடுத்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது, கொஞ்ச காலத்துக்குத்தான். ஆனாலும் 'ஒன்றும் செய்ய முடியாது' என்ற சொல் அன்றைக்கு உடைந்தது.

1963-இல் பயன்பாட்டுக்கு வந்த வின்கிரிஸ்டின் ஊசி நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. நம் ஆட்கள் 'சுடுகாட்டுப் பூ' என்கிறார்களே, அதேதான். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் அதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். டன் கணக்கில் இலை போனால் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். நம் பெண்கள் கூலிக்குப் பறித்த இலை, எங்கோ போய் ஊசியாகி, நம் பிள்ளைக்கு எட்டாத விலையில் திரும்பி வந்த காலமும் உண்டு.

இங்கேயும் சிலர் உழைத்திருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், பம்பாய் டாடா நினைவு மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ் மூன்றும் 1984 முதல் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. நூற்றுக்குச் சுமார் 20 பிள்ளைகள் தப்பித்த இடத்தில் 40 முதல் 60 பேர் வரை தப்பித்தார்கள். பணக்கார நாடுகளில் இன்று 90 பேர் பிழைக்கிறார்கள். நோயாளியின் வெள்ளணுவையே மாற்றியமைத்து ஏவுகிற சிகிச்சைக்கு 2017-இல் அமெரிக்காவில் வைத்த விலை 4,75,000 டாலர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய அப்படியொரு சிகிச்சைக்கு 2023-இல் இந்தியாவில், 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு, அனுமதி கிடைத்தது. விலை மிகக் குறைவுதான், ஆனாலும் பல லட்சம்.

அறிவு இவ்வளவு தூரம் வந்த பிறகு என் கேள்வி இதுதான். மருந்தே இல்லாத காலத்தில் செத்த பிள்ளையின் சாவும், மருந்து இருக்கிற காலத்தில் செத்த பிள்ளையின் சாவும் ஒரே சாவா? முன்னது துயரம். பின்னதற்கும் அதே பெயரைச் சூட்டுவது பொய்சாட்சி. தெரியாமை போன இடத்தில் விதிக்கு வேலையில்லை. அங்கே மிஞ்சுவது பொறுப்பு மட்டும்தான்.

யாருடைய பொறுப்பு? பாதியில் நின்றவர்களை மருத்துவ ஏடுகள் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று எழுதுகின்றன. இந்தச் சொல்லாடலைக் கவனியுங்கள் தோழர்களே. குற்றவாளி தாய் என்று அதிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. காப்பீடு மருந்துக்கு உண்டு, ரயிலில் சலுகையும் உண்டு. இழந்த உப்பளக் கூலிக்கு என்ன உண்டு? தங்க இடம், வழிச்செலவு, வராத பிள்ளையைத் தேடிப்போக ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்த மருத்துவமனைகளில் பாதியில் நிற்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். அப்படியானால் கைவிட்டது யார்? அரசு, முதலாளி என்று பட்டியல் போட எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் கூட்டத்துக்குப் போன என் பெயரும் இருக்கிறது.

போன ஆவணியில் பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைக்கு இதே நோய். நான் சொல்லி அனுப்பும் முன்பே அந்த அக்கா வந்து நின்றாள். "ஊசி போடுத தேதியெல்லாம் ஒரு தாள்ல எழுதித் தாங்க தம்பி. அவ வேலைக்குப் போவட்டும், பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வழி தெரியும்."

எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவளோடு நானும் போகிறேன்.