தீமைக்குத் தனி வித்து உண்டா?

தீமை தனக்கென ஓர் இருப்பை உடைய பொருளா, நன்மையின் குறைவுக்கு நாம் இட்டு வழங்கும் பெயர்தானா என்னும் வினா சமயவாதிகளை நெடுங்காலமாக இரு கட்சிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிறிஸ்தவ ஞானியாகிய அகஸ்டின் அதனை நன்மையின் இன்மை என்றார். சைவ சித்தாந்திகளோ, ஆணவம் வெறும் இன்மையன்று, செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றி நிற்கும் உள்பொருள் என்று சாதிப்பர். இந்த வழக்கில் பெருங்குடற் புற்றைச் சாட்சிக்கு அழைப்பது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் இவ்வளவு நெருக்கமாக விசாரிக்கப்பட்ட தீமைகள் சிலவே.

அமெரிக்காவில் ஃபியரான், வோகல்ஸ்டைன் என்னும் இருவர், குடலின் உட்பரப்பில் முளைக்கும் சிறு கட்டி, ஏ.பி.சி., கே-ராஸ், பி-53 முதலிய மரபணுக்கள் அடுத்தடுத்துப் பழுதுறுவதால் படிப்படியாகப் புற்றாகிறது என்று 1990-இல் வகுத்துக் காட்டினார்கள். அவ்வாறாயின், அது குடலைவிட்டுக் கிளம்பிக் கல்லீரலில் குடியேறுவதற்கும் தனியொரு மரபணு கெட்டிருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் மூலக்கட்டியையும் பரவிய கட்டியையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், இரண்டிலும் இருந்த பழுதுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பரவலுக்கென்றே பிறந்த பழுது என்று சுட்டத்தக்கது அகப்படவில்லை.

அகப்படுபவை அடையாளங்கள்தாம். கட்டியின் நடுப்பகுதியைப் நுண்ணோக்கியில் நோக்கினால், உயிரணுக்கள் குடலின் பழைய சுரப்பிகளை நினைத்துக்கொண்டனபோல வளையம் வளையமாக நிற்கின்றன. ஓரத்திலோ தனித்தனியாகவும், நாலுக்கு மேற்படாத சிறு கூட்டங்களாகவும் பிரிந்து செல்கின்றன. அண்டை அணுவை இறுகப் பற்றும் ஈ-கேடெரின் என்னும் புரதம் அங்கே குறைகிறது. அதனோடு எல்லைச் சுவரில் இருக்க வேண்டிய பீட்டா-கேட்டெனின் அணுவின் கருவுக்குள் புகுந்துவிடுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001-இல் கண்டது இன்னும் விசித்திரம்: பரவிச் சென்று தங்கிய இடத்தில் அவ்வணுக்கள் மறுபடியும் ஈ-கேடெரினை அணிந்து, மறுபடியும் சுரப்பி வளையங்களைக் கட்டுகின்றன.

பற்றுவிட்டுப் பெயர்தலும் ஒரு பாவமன்று. கருவில் அங்கங்கள் அமைவதும் புண் ஆறுவதும் அந்தப் பெயர்ச்சியால்தானே? 2009-இல் பெர்லினில் கண்டறியப்பட்ட எம்.ஏ.சி.சி.-1 என்னும் மரபணு, பெருங்குடற் புற்றில் மிகுந்து தோன்றினால் பரவல் நேரக்கூடும் என்பதற்கு அடையாளம். அது தூண்டிவிடும் மெட் என்னும் மரபணுவோ, வெட்டுண்ட கல்லீரல் மீண்டும் வளரத் துணைபுரிவது.

ஈ-கேடெரினின் குறைவு அகஸ்டினுக்குச் சாதகம், எம்.ஏ.சி.சி.-1-இன் மிகுதி அவருக்குப் பாதகம், ஏனெனில் மிகுதியை இன்மை என்று எப்படிச் சொல்வது? சித்தாந்தி இங்கே ஒரு சமாதானம் கூறலாம்: உயிருக்கு உதவியாக அளிக்கப்பட்ட உடல், உட்கருவிகளாகிய தனு கரணங்களைக் கொண்டே ஆணவ மலம் தன் காரியத்தை நடத்துகிறது, ஆதலால் கருவி நல்லதாயிருப்பது மலம் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று. வலிமையுள்ள வாதம்தான்; எனினும், அயலிடத்தில் போய் அமர்ந்தபின் பழைய ஒழுங்கையே திரும்பக் கட்டும் அணுவை மலத்தின் கணக்கில் எழுதுவதா, உயிரின் கணக்கில் எழுதுவதா என்பதற்கு அவ்வாதத்திலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.